விதிவிலக்கு இல்லாத அன்பு: கிறிஸ்தவம் 'பூரணம்' என்று எதைச் சொல்கிறது?

"ஆகையால், பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதா பூரண சற்குணராயிருக்கிறதுபோல, நீங்களும் பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்." மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் இப்படித்தான் முடிகிறது. பைபிளில் இவ்வளவு பயமுறுத்தும் கட்டளை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. கடவுளைப் போல இரு என்றால் யாரால் முடியும்? பிரசங்க மேடைகளில் இந்த வசனம் பெரும்பாலும் ஓர் ஒழுக்கப் பட்டியலாக மாறிவிடும். பொய் சொல்லாதே, குடிக்காதே, கோபப்படாதே, கெட்ட எண்ணத்துக்கு இடம் கொடுக்காதே. கேட்கிறவர்களில் பாதிப் பேர் இதெல்லாம் நமக்கு ஆகாது என்று விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் தினமும் ராத்திரி தங்கள் குற்றங்களை எண்ணிப் பார்த்து மனம் நொந்துபோவார்கள்.

இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் வழி தவறுகிறது என்றுதான் நினைக்கிறேன். பூரணம் என்றால் குற்றமே இல்லாத நிலை என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். இயேசு அங்கே பேசிக்கொண்டிருந்தது வேறு விஷயம். அந்த வசனத்தை அதற்கு முந்தைய ஐந்து வசனங்களோடு சேர்த்துப் படித்தால் போதும், விளங்கிவிடும். அந்த ஐந்திலும் பொய் இல்லை, குடி இல்லை, கெட்ட எண்ணம் இல்லை. இருப்பதெல்லாம் ஒரே கேள்விதான்: உன் அன்புக்கு வெளியே யாரை நிறுத்தி வைத்திருக்கிறாய்?

அயலானை நேசி, எதிரியைப் பகை என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்கள்; நானோ சொல்கிறேன், உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள், உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று ஆரம்பிக்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் வானிலை. பிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் தமது சூரியனை உதிக்கப்பண்ணுகிறார், நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயா விவசாயிக்கு இது வெறும் அலங்காரப் பேச்சாக இருந்திருக்காது. எகிப்துக்கு நைல் இருந்தது. இவர்களுக்கு வானம்தான். அக்டோபர் வாக்கில் தொடங்கும் முன்மாரியும், அறுப்புக்கு முன் வரும் பின்மாரியும் தவறினால் அந்த வருஷம் சோறு கிடையாது. அப்படிப்பட்ட மழை தன் வயலில் பெய்யும்போது, தன் எல்லைக் கல்லை நகர்த்தி வைத்த அடுத்த வயல்காரன் நிலத்திலும் அதே அளவு பெய்வதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்த மழையை இயேசு கடவுளின் கவனக்குறைவாகச் சொல்லவில்லை. அதுதான் கடவுளின் குணம் என்கிறார். பூரணம் என்று அவர் பெயர் வைப்பது அந்தக் குணத்துக்கு.

எதிரி என்ற சொல்லும் அன்றைக்குக் கனமானதுதான். அதே அதிகாரத்தில், ஒருவன் உன்னை ஒரு மைல் தூரம் வரப் பலவந்தம் பண்ணினால் அவனோடு இரண்டு மைல் தூரம் போ என்ற வரி இருக்கிறது. ரோமச் சிப்பாய் வழியில் போகிறவனைப் பிடித்துத் தன் மூட்டையைச் சுமக்கச் சொல்லலாம் என்ற நடைமுறை அதன் பின்னணி. "ஆயக்காரரும் அப்படியே செய்கிறார்கள் அல்லவா" என்கிறாரே, அந்த ஆயக்காரர்கள் சொந்த ஜனத்திடமே ஆட்சியாளர்களுக்காக வரி பிடுங்கியவர்கள். எதிரி என்றதும் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவர் மனதிலும் ஒரு முகம் வந்திருக்கும்.

அயலானை நேசி என்பது லேவியராகமத்தில் (19:18) ஏற்கெனவே இருக்கிற கட்டளை. அதே அதிகாரம், உங்களிடத்தில் தங்குகிற அந்நியனையும் உன்னைப்போல் நேசி என்று சேர்த்துச் சொல்கிறது. எதிரியைப் பகை என்ற கட்டளை யூத வேதத்தில் கிடையாது. ஆனால் அந்த மனநிலை அந்தக் காலத்தில் இருந்தது. 1947 முதல் சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஒரு குழுவின் ஒழுங்குமுறை ஏடு உண்டு. உலகத்தை விட்டு விலகித் தூய்மையாக வாழ முயன்ற ஆட்கள் அவர்கள். ஒளியின் மக்கள் எல்லோரையும் நேசிக்க வேண்டும், இருளின் மக்கள் எல்லோரையும் வெறுக்க வேண்டும் என்று அந்த ஏடு சொல்கிறது. குற்றமற்ற வாழ்க்கைக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள்தான் அதை எழுதினார்கள். குற்றம் இல்லாமல் இருப்பதும் யாரையும் ஒதுக்காமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

லூக்கா இதே பேச்சைப் பதிவுசெய்யும்போது (6:36), உங்கள் பிதா இரக்கமுள்ளவராயிருக்கிறதுபோல நீங்களும் இரக்கமுள்ளவர்களாயிருங்கள் என்று முடிக்கிறார். மத்தேயு பூரணம் என்ற இடத்தில் லூக்கா இரக்கம் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்குக் குழப்பம் வர வழியில்லை.

அப்படியென்றால் இது ஒழுக்கப் பட்டியலாகச் சுருங்கியது எப்படி? ஒரு பகுதி விடை துறவற வரலாற்றில் இருக்கிறது. பூரணம் என்ற பேச்சு மத்தேயுவில் இன்னொரு இடத்திலும் வரும். நீ பூரணனாயிருக்க விரும்பினால் உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று ஒரு பணக்கார வாலிபனிடம் இயேசு சொல்கிறார் (19:21). 3ஆம் நூற்றாண்டில் எகிப்தில் அந்தோனியார் என்ற இளைஞர் கோவிலில் இந்த வரி வாசிக்கப்படுவதைக் கேட்டு, நிலத்தை எல்லாம் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போனார். அவர் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். நாளடைவில் பூரணம் துறவிகளின் சொத்தாக ஆகிவிட்டது. குடும்பஸ்தர்களுக்குப் பத்துக் கட்டளை, மடத்தில் இருப்பவர்களுக்குப் பூரண வாழ்வு என்று இரண்டு படிகள் உண்டாயின.

துறவிகளுக்குள்ளேயே இதைக் கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். 4ஆம் நூற்றாண்டில் பசிலியார் தனிமைத் துறவிகளிடம் கேட்ட கேள்வி இது: சீடர்களின் காலைக் கழுவிய ஆண்டவரைப் பின்பற்றுகிறாயே, தனியாக இருந்துகொண்டு நீ யாருடைய காலைக் கழுவுவாய்? மேற்கத்திய திருச்சபையில் அந்த இரண்டு படிகளை 16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதிகள் உடைத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1964இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய ஏட்டில், எந்த நிலையில் இருக்கும் விசுவாசியும் அன்பின் நிறைவுக்கு அழைக்கப்பட்டவரே என்று தெளிவாக எழுதி வைத்தது. அன்பின் நிறைவு என்ற பேச்சு அங்கே வருவதைக் கவனிக்க வேண்டும்.

எல்லோரையும் நேசிப்பது என்றால் எல்லோரையும் ஒரே அளவில் நேசிப்பதா? இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

ஒரு பக்கம் மாக்சிமுஸ். கிழக்குத் திருச்சபையில் 'விசுவாச அறிக்கையாளர்' என்று போற்றப்படுபவர், 580 வாக்கில் பிறந்தவர். அன்பைப் பற்றி நானூறு சிறு குறிப்புகள் எழுதினார். நிறைவான அன்பு மனிதரின் சுபாவங்களைப் பார்த்து மனித இனத்தைத் துண்டு போடாது என்பது அவர் வாதம். ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன், ஒருவன் என்னை மதிக்கிறான், ஒருவன் ஏசுகிறான் என்ற வேறுபாடுகள் மேல்மட்டத்தில் இருப்பவை. அடியில் இருப்பது ஒரே மனித இயல்பு, அன்பு அதைத்தான் பார்க்கும் என்கிறார். நல்லவர்களை நண்பர்களாக நேசிக்கும். கெட்டவர்களை எதிரிகளாக நேசித்து, நன்மை செய்து, பொறுத்துக்கொள்ளும். கிறிஸ்து எல்லோருக்காகவும் சமமாகத்தானே பாடுபட்டார் என்று கேட்கிறார். இதையெல்லாம் வசதியாக உட்கார்ந்து எழுதிய ஆள் இல்லை அவர். கிறிஸ்துவின் சித்தம் பற்றிய ஒரு கொள்கைச் சண்டையில் பேரரசனுக்குப் பணிய மறுத்ததற்காக, 662இல், எண்பது வயதைத் தாண்டிய அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டிக் கருங்கடலுக்கு அப்பால் நாடு கடத்தினார்கள். அந்த ஆண்டே அங்கே இறந்தார்.

இன்னொரு பக்கம் தாமஸ் அக்குவினாஸ். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்து எழுதியவர். அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்கிறார். பெற்ற தாயையும் முகம் தெரியாத ஆளையும் ஒரே அளவில் நேசிக்கச் சொல்வது இயற்கைக்கு விரோதம். நெருங்கியவர்களிடம் அன்பு கூடுதலாக இருப்பது தவறல்ல, சரியானதே. எதிரி விஷயத்தில் அவர் மூன்று படியாகப் பிரித்துப் பேசுகிறார். எதிரியை அவன் எதிரி என்பதற்காகவே, அவன் செய்யும் தீமையையும் சேர்த்து நேசிப்பது தவறு, அது தீமையை நேசிப்பதாக ஆகும். எல்லா மனிதர்மேலும் வைக்கிற பொதுவான அன்பிலிருந்து எதிரியை விலக்கக் கூடாது, இது கட்டாயம். ஒவ்வொரு எதிரியையும் தேடிப்போய்த் தனிப்பட்ட பாசம் காட்டுவது கட்டாயமில்லை. ஆனால் அவனுக்கு அவசரம் என்று வந்தால் உதவ மனம் தயாராக இருக்க வேண்டும். அவசரம் வருவதற்கு முன்பே, கடவுள்மேல் உள்ள அன்பால் எதிரிக்கு ஒருவர் நன்மை செய்தால், அதுதான் அன்பின் நிறைவு.

படித்தவுடன் மாக்சிமுஸ் மேலே போகிறார், அக்குவினாஸ் கீழே இறக்குகிறார் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்குவினாஸ் அளவு பற்றிப் பேசுகிறார், விலக்கு பற்றி விட்டுக்கொடுக்கவே இல்லை. அன்பில் கூட்டல் குறைவு இருக்கலாம், பூஜ்யம் மட்டும் யாருக்கும் போடக் கூடாது. இதை அவர் நடைமுறைக்குக் கொண்டுவரும் இடம் அழகானது. ஊருக்காக, சபைக்காக, எல்லோருக்காகவும் ஜெபிக்கும்போது எதிரியை மனதுக்குள் கழித்துவிட்டு ஜெபிக்கக் கூடாது. சமூகம் முழுவதற்கும் ஒரு நன்மை செய்யும்போது எதிரிக்கு மட்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அது பழிவாங்கும் மனம் என்கிறார். நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. தெரு முழுக்கப் பத்திரிகை வைத்துவிட்டு ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போவது எவ்வளவு பெரிய அடி என்று கிராமத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். விருந்துக்கு வரும் நூறு பேரைவிட அழைக்கப்படாத அந்த ஒரு வீடுதான் அழைத்தவரின் மனதைக் காட்டும்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தச் சொல்லை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தவர் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தின் தொடக்கக்காரர். கிறிஸ்தவப் பூரணம் பற்றித் தான் நாற்பது வருஷமாகச் சொல்லிவந்ததைத் திரட்டி 1766இல் ஒரு புத்தகமாகவே போட்டார். சுரங்கத் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் பூரணம் அடையலாம், இந்த வாழ்க்கையிலேயே அடையலாம் என்றார். மனிதன் சாகும்வரை பாவிதான் என்று நம்பிய கால்வினியச் சிந்தனையாளர்களுக்கு இது தாங்கவில்லை. வெஸ்லியின் விளக்கத்தைப் பொறுமையாகப் படித்தால் சண்டைக்குப் பாதிக் காரணம் இல்லாமல் போகும். பூரணம் அடைந்தவருக்கு அறியாமை இருக்கும், தப்புக் கணக்குப் போடுவார், உடல் பலவீனம் இருக்கும், சோதனை வரும் என்று அவரே வரிசையாக ஒப்புக்கொள்கிறார். இல்லாமல் போவது அன்புக்கு விரோதமான மனநிலை மட்டுமே. கடவுள்மேலும் மனிதர்மேலும் வைக்கிற தூய அன்பு இருதயத்தை நிரப்பிச் சொல்லையும் செயலையும் ஆளுவதே அவர் சொன்ன பூரணம்.

அந்த எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் தன் சபையிலேயே பார்த்தார். லண்டனில் ஜார்ஜ் பெல் என்ற பிரசங்கி, தானும் தன்னோடு இருப்பவர்களும் பூரணம் அடைந்தவர்கள் என்று பேசத் தொடங்கி, கடைசியில் 1763 பிப்ரவரி 28 அன்று உலகம் அழியும் என்று தேதி குறித்துவிட்டார். நகரமே கலங்கியது. வெஸ்லி வெளிப்படையாக மறுக்க வேண்டியிருந்தது. தன்னைக் குற்றமற்றவர் என்று நினைக்கத் தொடங்கிய கூட்டம் முதலில் செய்தது மற்றவர்களைத் தாழ்வாகப் பார்ப்பதுதான். வெஸ்லியோ தான் அந்த நிலையை அடைந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

வெஸ்லியிடம் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த அன்பு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது. அடிமை வியாபாரம் இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1774இல், அதை எதிர்த்து ஒரு துண்டுநூல் எழுதினார். ஆப்பிரிக்கர் ஒருவர் ஆங்கிலேயரைவிட எந்த வகையிலும் குறைந்த மனிதர் இல்லை என்பது அதன் அடிப்படை. 1791 பிப்ரவரி 24 அன்று, இறப்பதற்கு ஆறு நாளைக்கு முன், நாடாளுமன்றத்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர் எழுதிய கடைசிக் கடிதங்களில் ஒன்று அது. எல்லோரையும் என்று வாயால் சொல்கிறவர், சட்டம் மனிதக் கணக்கிலேயே சேர்க்காதவர்களையும் அந்த 'எல்லோரும்'-இல் சேர்த்தாரா என்பதுதான் சோதனை. வெஸ்லி சேர்த்தார்.

எதிரி, அடிமை, பேரரசன் என்றெல்லாம் பேசும்போது நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். அந்த வசதியைப் பிடுங்கியவர் லிசியே நகரத்துத் தெரேசா. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சிறுமலர் என்றும் குழந்தை தெரேசா என்றும் அன்போடு அழைக்கும் பிரெஞ்சுக் கன்னியர். 15 வயதில், 1888 ஏப்ரலில், கார்மல் மடத்தில் சேர்ந்தார். 24 வயதில், 1897 செப்டம்பர் 30 அன்று, காசநோயால் இறந்தார். கடைசிக் கோடையில், நோய் முற்றிய நிலையில், தலைமைச் சகோதரியின் சொல்படி ஒரு நோட்டில் எழுதிய பக்கங்களில், இந்த ஆண்டுதான் அன்பு என்றால் என்ன என்று கடவுள் எனக்குப் புரியவைத்தார் என்கிறார்.

மடத்தில் யாருக்கும் யாரும் எதிரி இல்லை என்று முதலில் சொல்கிறார். ஆனால் ஒருத்தியைப் பார்த்தால் மனம் தானாக ஈர்க்கப்படுகிறது. இன்னொருத்தியைத் தவிர்க்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சுற்றிப் போகத் தோன்றுகிறது. அவளே அறியாமல் அவள் நம்மை வதைக்கிறாள். நான் நேசிக்க வேண்டும் என்று இயேசு காட்டுவது அந்தச் சகோதரியைத்தான் என்கிறார் தெரேசா. இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே கூரைக்குக் கீழ் ஆயுள் முழுக்க வாழும் இடம். அங்கே மனக்கசப்புக்குப் பெரிய காரணம் தேவையில்லை.

அப்படி ஒருத்தி அவருக்கும் இருந்தாள். நடை, பேச்சு, சுபாவம் எல்லாமே தெரேசாவுக்கு எரிச்சலூட்டின. தான் மிகவும் நேசிக்கும் ஒருவருக்கு என்ன செய்வோமோ அதை இவளுக்குச் செய்வது என்று தெரேசா முடிவெடுத்தார். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்காக ஜெபித்தார். சின்னச் சின்ன உதவிகள் செய்தார். வெடுக்கென்று பதில் சொல்லத் தோன்றிய நேரத்தில் சிரித்துப் பேச்சை மாற்றினார். சில வேளைகளில் உள்ளே நடந்த போராட்டம் தாங்க முடியாமல் போனது. அப்போதெல்லாம் போர்க்களத்தை விட்டு ஓடும் சிப்பாய் போல அந்த இடத்தை விட்டே ஓடினேன் என்று எழுதியிருக்கிறார். ஒருநாள் அந்தச் சகோதரி முகமெல்லாம் மலர, என்னிடம் உங்களை இவ்வளவு ஈர்ப்பது எது, பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறீர்களே என்று கேட்டாள்.

அந்தப் பக்கங்களில் இன்னும் இரண்டு காட்சிகள் உண்டு. மாலைத் தியானத்தில் பின்னால் உட்கார்ந்த ஒரு சகோதரி விடாமல் ஒரு விசித்திரமான சத்தம் போட்டுக்கொண்டிருப்பாள், இரண்டு சிப்பிகளை உரசுவது போன்ற சத்தம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். தெரேசா திரும்பவில்லை. வியர்த்துக் கொட்டியது. கடைசியில் அந்தச் சத்தத்தைத் தவிர்க்க முயல்வதை விட்டு, அது ஏதோ இனிய இசை போலக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே இருந்தவள் கைக்குட்டையை அடிக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் முகத்தில் தெறித்தது. பின்வாங்கித் துடைத்துக்காட்டத் தோன்றியது, செய்யவில்லை.

இது நடிப்பில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மனதில் பிடிக்காமல் முகத்தில் சிரிப்பது பொய்தானே என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தனக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தெரேசா கடவுளிடமோ தன்னிடமோ மறைக்கவே இல்லை, எழுதியே வைத்திருக்கிறார். பிடிப்பது நம் கையில் இல்லை. நடத்துவது நம் கையில் இருக்கிறது. அன்பு பிடித்தம் வருவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைத் தன் உடம்பால் நிரூபித்தார். 1997இல் திருச்சபை அவருக்கு மறைவல்லுநர் பட்டம் கொடுத்தது, அதாவது அக்குவினாஸின் வரிசையில் உட்கார வைத்தது. துணி துவைக்கும் தொட்டியில் கற்ற பாடத்துக்கு அந்த மரியாதை தகும்.

இதே வேறுபாட்டை, பிடித்தம் வேறு அன்பு வேறு என்பதை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய போதகர் மார்ட்டின் லூதர் கிங் 1957 நவம்பரில் மாண்ட்கொமரி நகரில் தன் சபை மக்களுக்குச் சொன்னார். உன் எதிரிகள்மேல் பிரியம் வை என்று இயேசு சொல்லாததற்கு நன்றி, சிலர்மேல் பிரியம் வைக்கவே முடியாது; ஆனால் நேசிக்க முடியும் என்றார். அப்படிச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. 1956 ஜனவரி 30 அன்று, மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்கும்போதே அவர் வீட்டில் குண்டு வீசியிருந்தார்கள். ஆயுதங்களோடு திரண்ட ஆத்திரக் கூட்டத்தைத் திண்ணையில் நின்று அமைதிப்படுத்தி, நம் வெள்ளைச் சகோதரர்களை நேசிக்கத்தான் வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். பஸ்ஸில் கறுப்பர்களை ஒதுக்கியதை எதிர்த்து அந்த ஊரில் நடந்த பஸ் புறக்கணிப்பை 381 நாள் தலைமையேற்று நடத்தியவரும் அதே கிங்தான். ஒருநாள்கூடப் பின்வாங்கவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. விதிவிலக்கு இல்லாத அன்பு என்ற போதனை தவறான கைகளில் ஆயுதமாகிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு பொறுத்துப் போ, மன்னித்துவிடு, அதுதான் கிறிஸ்தவம் என்று பெண்களைத் திருப்பி அனுப்பும் வேலை பல சபைகளில் நடக்கிறது. அது இந்தப் போதனை இல்லை. எதிரியின் தீமையை நேசிப்பது தவறு என்று அக்குவினாஸ் எழுநூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். அடிக்கிறவனை விட்டு விலகி வரலாம், புகார் கொடுக்கலாம், வழக்குப் போடலாம். அவன் அழிய வேண்டும் என்ற ஆசையை மட்டும் மனதில் வளர்க்காமல் இருப்பதே இங்கே கேட்கப்படுவது. அதுவும் அடிபட்டவர் தன் வேகத்தில் வந்து சேர வேண்டிய இடம். மேடையில் நின்று அவசரப்படுத்த மற்றவர்களுக்கு உரிமை இல்லை. தெரேசாவே ஓடியிருக்கிறார், அதை மறந்துவிடக் கூடாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்ற கேள்விக்கு நீசா நகரத்து கிரகோரி 4ஆம் நூற்றாண்டில் ஒரு பதில் வைத்தார். மோசேயின் வாழ்க்கையை விளக்கும்போது, நன்மைக்கு எல்லை கிடையாது, எனவே நன்மையில் பூரணம் என்பது இனிமேல் வளர வேண்டியதில்லை என்று நிற்கும் இடமாக இருக்க முடியாது, வளர்ந்துகொண்டே இருப்பதுதான் பூரணம் என்றார். அன்பு விஷயத்தில் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒருவரை உள்ளே சேர்த்ததும் அடுத்தவர் கண்ணில் படுவார். 7ஆம் நூற்றாண்டில் நினிவேயில் கொஞ்ச காலம் ஆயராக இருந்த ஈசாக் என்ற சிரியத் துறவி, இரக்கமுள்ள இருதயம் மனிதர்களோடு நிற்காது, பறவைக்காகவும் விலங்குக்காகவும் பேய்களுக்காகவும்கூடக் கண்ணீர் விடும் என்று எழுதும் அளவுக்குப் போனார்.

தமிழ்ச் சபைகளைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. குற்றமின்மை என்ற அளவுகோலுக்கும் விலக்கின்மை என்ற அளவுகோலுக்கும் உள்ள இடைவெளி எங்கேயும்விட இங்கேதான் பச்சையாகத் தெரிகிறது. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாட்டை முழுமையாக, உடனடியாகக் கைவிட வேண்டும் என்றார். அப்போது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கோவிலுக்குள் தனித்தனிப் பக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் யார் முதலில், யார் பின்னால் என்ற வரிசை இருந்தது. சுற்றறிக்கை வந்ததும் பலர் கோவிலுக்கு வருவதையே நிறுத்தினார்கள். இது நாட்டு வழக்கம், மதத்தைத் தொடாது என்பது அவர்கள் வாதம். இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைக் கொடுத்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அந்த வழக்கங்களுக்கு ஆதரவாக எழுதியவர்.

அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. ஓய்வுநாள் தவறாதவர்கள், வேதம் தெரிந்தவர்கள், ஜெபத்தில் ஊறியவர்கள். பாவப் பட்டியலை நீட்டியிருந்தால் பெரும்பாலோர் தேறியிருப்பார்கள். மழையை உதாரணம் காட்டிய அந்த ஐந்து வசனங்களை நீட்டியபோதுதான் பதில் இல்லாமல் போயிற்று.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இன்னும் இருக்கிறது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகளும் விலக்கு அல்ல. தனிக் கல்லறை இருக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஆயர் நியமனமானாலும் சபைத் தேர்தலானாலும் சாதிக் கணக்குப் பார்ப்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல.

பங்குப் பேரவையோ சபைக் கமிட்டியோ அடுத்த கூட்டத்தில் பொது ஜெபத்திலும் பொது நன்மையிலும் யாரையும் கழிக்கக் கூடாது என்று அக்குவினாஸ் சொன்ன இரண்டு சோதனைகளையும் தன்மேல் வைத்துப் பார்க்கலாம். பொதுமன்றாட்டில் எந்தத் தெருவின் கஷ்டம் ஒருபோதும் வாசிக்கப்படுவதில்லை? திருவிழாவுக்கு யாரிடம் வரி வாங்குகிறோம், தேர் யார் தெருவுக்குப் போகிறது? அசன விருந்தில் யார் பரிமாறுகிறார்கள், யார் முதல் பந்தியில் உட்காருகிறார்கள்? கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்தால் அதை எந்த மாதத்துக்குள் இடிக்கப் போகிறோம்?